சாரதிகளின் நாரி நோ: கேள்வி பதில்

கிளிநொச்சியில் பிசியோதெரபி செய்கிறேன். வாகனம் ஓடுபவர்கள் நாரி (கீழ்முதுகு), முதுகு பற்றிக் கேட்கலாம். மாத்திரைப் பெயர் கேட்க வேண்டாம்.

வான் சாரதி, வவுனியா: யாழ்ப்பாணம் போய் இறங்கினால் நாரி நிமிராது, அண்ணை. சீற்றை எப்படி வைக்கிறது?

பதில்: முதலில் பின்பொக்கற்றில் இருக்கிற பேர்ஸை எடுங்கள். அதில் இருந்து ஓடினால் இடுப்பு ஒருபக்கம் உயர்ந்து முள்ளந்தண்டு கோணும். பிறகு சீற்றின் அடிவரை தள்ளி இருங்கள். கிளச்சை முழுதாக மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். சாய்வு 100 முதல் 110 பாகை. தோள் சீற்றில் பட்டபடியே மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பை எட்டவேண்டும். நாரிக் குழிக்குள் சின்னத் துவாய் ஒன்றைச் சுருட்டி வையுங்கள். அப்படி நிமிர்ந்திருந்தே நடுக்கண்ணாடியைச் சரிசெய்யுங்கள். வழியில் மாங்குளத்தில் கண்ணாடி சரியாகத் தெரியவில்லையென்றால், கூனிவிட்டீர்கள். இறங்கிக் கொஞ்சம் நடவுங்கள்.

புதுக்குடியிருப்பு: எந்த நாரிப் பெல்ட் நல்லது?

பதில்: சில நாளைக்கு எதுவும் சரி. வருடக்கணக்கில் கட்டவேண்டாம்.

ஓட்டோ அண்ணா, பரந்தன்: எங்கட சீற்றில் சாய ஒழுங்கான இடமே இல்லையே?

பதில்: சிநேகிதனைப் பக்கத்தில் ஏற்றி அரைச் சீற்றில் கோணி ஓடுவதை விடுங்கள். பேர்ஸையும் எடுங்கள்.

ஒட்டுசுட்டான்: காலபோக உழவுக்குத் திரும்பித் திரும்பிக் கலப்பையைப் பார்த்தே முதுகு போச்சு.

பதில்: இதைத்தான் யாரும் கேட்பதில்லை. உழவு மெஷின் சீற்றின் அதிர்வே முள்ளந்தண்டுக்குக் கேடு. அதோடு முறுக்கினால் இரட்டைச் சுமை. கழுத்தை மட்டும் திருப்பாமல் தோளோடு திரும்புங்கள், பக்கம் மாற்றிப் பாருங்கள். சீற்றுக்கடியில் ஆளின் நிறைக்கேற்பச் சீற்றைச் சரிசெய்யும் முறுக்கி இருந்தால் உங்கள் நிறைக்குத் திருப்புங்கள். இறங்கின கையோடு விதைநெல் மூட்டை தூக்கவே கூடாது. கொஞ்சம் நடந்துவிட்டுத் தூக்குங்கள்.

லாண்ட்மாஸ்டர்க்காரன் (நடந்து பிடிக்கும் இருசில்லு உழவு மெஷின்): உங்களுக்குச் சீற்றாவது இருக்கு! நாங்கள் சேற்றுக்குள்ள நடக்கிறம்.

டிப்பர் சாரதி: ரெண்டு பேரும் ஒருநாள் கிரவல் றோட்டில வந்து பாருங்கோ.

பதில்: போட்டி வேண்டாம், மூன்றும் வேறு நோ. லாண்ட்மாஸ்டர் நடந்து பிடிப்பவருக்குக் கையையும் தோளையும் உலுப்பும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதிர்வு இன்னும் ஏறும். டிப்பர் குழிக்குள் விழுந்தால் அடி நேரே முள்ளந்தண்டுக்கு. வேகத்தைக் குறையுங்கள், முதலாளி எவ்வளவு கத்தினாலும்.

லாண்ட்மாஸ்டர்க்காரன்: பின்னால் இழுவைப் பெட்டி பூட்டினால் நாங்களும் இருந்துதான் ஓடுறம். அப்ப ரெண்டு நோவும் எங்களுக்குத்தானே?

பதில்: சரி, நீங்கள் வென்றீர்கள்.

முல்லைத்தீவு: பெல்ட் எது வாங்கலாம்?

பதில்: மேலே பாருங்கள்.

மல்லாவி: நோவோடு இரண்டு காலும் விறைக்குது, சலம் போறதும் தெரியேல்லை.

பதில்: இதற்கு இங்கே பதில் இல்லை. இன்றைக்கே, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனத்தை வேறு ஆள் ஓடட்டும்.