பட்டும் உடுத்த வேண்டும், மூச்சும் விட வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்: உடை

கேள்வி: வைகாசியில் என் அக்கா மகளுக்குத் திருமணம். முகூர்த்தத்துக்குக் காஞ்சிபுரம் பட்டும், ஆரி வேலைப்பாடு செய்த ரவிக்கையும் உடுத்த ஆசை. சென்ற முறை இப்படி உடுத்தியபோது, தாலி கட்டி முடிவதற்குள் வியர்த்துக் கொட்டி, இடுப்பில் நாடா அறுத்து, பந்தியில் நிம்மதியாக உட்காரக்கூட முடியவில்லை. பட்டையே விட்டுவிட வேண்டியதுதானா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பட்டின் மேல் பழி போடாதீர்கள். பட்டு நூல் தன் எடையில் ஏறத்தாழ 11 சதவீத ஈரத்தைச் சாதாரணமாகவே உள்வாங்கி வைத்துக்கொள்ளும்; பருத்தி 8 சதவீதம் அளவுக்கு வாங்கும்; பாலியஸ்டரோ அரை சதவீதம்கூட வாங்காது. ஆரி ரவிக்கைகளுக்கு வழவழப்பாக இருக்கட்டும் என்று கொடுக்கப்படும் சாட்டின், கிரேப் லைனிங்குகளில் பெரும்பாலானவை பாலியஸ்டர்தான். மேலே பட்டு, உள்ளே பாலியஸ்டர் என்றால் வியர்வைக்குப் போக வழி ஏது? ஆகவே தையற்காரரிடம் மெல்லிய பருத்தி லைனிங்தான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அதைத் தண்ணீரில் நனைத்து உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையில் லைனிங் மட்டும் சுருங்கி, ரவிக்கை முழுவதும் இழுத்துக்கொள்ளும்.

ஆரி வேலையைக் கழுத்து, கையின் விளிம்பு, முதுகின் மேற்பகுதி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அக்குளை ஒட்டியும், நாற்காலியில் சாயும் நடு முதுகிலும் மணியும் கல்லும் வைத்தால் அவை உறுத்தும், உதிரவும் செய்யும். துணியின் உட்புறம் விழும் முடிச்சுகள் தோலில் படாதபடி, வேலைப்பாடு முடிந்த பின்னரே லைனிங் கொடுக்கச் சொல்ல வேண்டும். அளவு ஜாக்கெட் கொடுத்துவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். தைத்து வந்ததும் போட்டுப் பார்த்து, அட்சதை தூவுவதுபோல் இரண்டு கைகளையும் உயர்த்துங்கள். அப்போது ரவிக்கையின் அடிப்பகுதி மார்பை நோக்கி ஏறினால் கைக்குழியின் வெட்டு சரியில்லை என்று பொருள். கைக்குழி ஆழமாக இறங்கியிருந்தால் கையோடு ரவிக்கையும் கிளம்பும். அக்குளுக்கு நெருக்கமாக வெட்டியதே உடலோடு அசைந்து கொடுக்கும். பார்வைக்கு எடுப்பாக இருப்பதும் அதுதான்.

இனி நாடா. கனமான சரிகைப் பட்டு ஒரு கிலோவை நெருங்கும்; அத்தனை எடையையும் ஒரு மெல்லிய கயிற்றில் தொங்கவிட்டால் அது இடுப்பை அறுக்காமல் என்ன செய்யும்? இதை வெறும் அசௌகரியம் என்று ஒதுக்கவும் கூடாது. நாடா ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இறுகி உராய்ந்ததால் தோல் கறுத்து, ஆறாத புண்ணாகி, மிக அரிதாகத் தோல் புற்றுநோய் வரை சென்ற நோயாளிகளைப் பற்றி இந்திய மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். கயிற்றுக்குப் பதிலாக மூன்று விரல் அகலத்துக்குப் பட்டை வைத்த பருத்திப் பாவாடை தைத்துக்கொள்ளுங்கள். பருத்தி, பட்டுப் புடவையைப் பிடித்து நிறுத்துவதால் இறுக்கிக் கட்டவே தேவையிருக்காது. சாட்டின் பாவாடையில் புடவை வழுக்கும், வழுக்குவதால் இறுக்குவோம். உடலை ஒட்டிய ‘ஷேப்வேர்’ பாவாடைகள் இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. இரண்டு மணி நேரம் நின்று படம் எடுத்துக்கொள்ளும் வரவேற்புக்கு அவை பொருந்தலாம். மணவறைக்கு அருகே சம்மணமிட்டு உட்காரும் முகூர்த்தத்துக்கு அவற்றை நான் சொல்லமாட்டேன்.

புடவையை இன்னும் எடுக்கவில்லை என்றால், உடல் முழுவதும் சரிகை ஓடாமல், கரையிலும் முந்தானையிலும் மட்டும் சரிகை உள்ள கோர்வைப் புடவையாகப் பாருங்கள். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக நெய்து கோத்த அந்த வேறுபாடே தூரத்திலிருந்து கண்ணை இழுக்கும். கொசுவத்தில் கனம் சேராது. (விலை கூடினால் வசதியும் கூடும் என்பது பட்டில் பொய்க்கணக்கு, சரிகை ஏற ஏற விலையும் எடையும் சேர்ந்தேதான் ஏறும்.) முகூர்த்தம் முடிந்ததும் மாற்றிக்கொள்ள, சிறுமுகை மென்பட்டோ, பட்டுப் பாவும் பருத்தி ஊடையுமாக நெய்யும் சந்தேரியோ ஒன்று கைவசம் இருக்கட்டும். கழற்றிய பட்டை உடனே மடித்து வைக்காமல் நிழலில் காற்றாட விடுங்கள். வியர்வை ஈரம் வெள்ளிச் சரிகையைக் கறுக்கச் செய்யும்.

கேள்வி: பட்டு வேட்டி சட்டை அணிந்தால் அரை மணி நேரத்தில் முதுகில் வியர்வை வட்டம் தெரிகிறது. வேட்டி நழுவுமோ என்ற பயம் வேறு. மாப்பிள்ளையின் சித்தப்பாவாக மேடையில் நிற்க வேண்டியவன் என்ன செய்வது?
– வாசகர், சேலம்

பதில்: வெண்பட்டுக்குப் பெயர்பெற்ற ஊரில் இருந்துகொண்டு வேட்டியை விட்டுக்கொடுக்காதீர்கள், சட்டையை மட்டும் மாற்றுங்கள். சந்தன நிறப் பட்டு நனைந்தால் கருமை தட்டி அப்பட்டமாகக் காட்டிக்கொடுக்கும். தூய வெள்ளையில் நல்ல பருத்திச் சட்டை, உள்ளே கை வைத்த பனியன், தோளில் அகலக் கரை போட்ட பட்டு அங்கவஸ்திரம் – மேடைக்கு இந்தக் கம்பீரம் போதும். நழுவும் பயத்துக்கு, வேட்டியின் மேல் ஒரு பெல்ட் கட்டிக்கொள்ளலாம். இடுப்பில் வெல்க்ரோ வைத்து ஒட்டிக்கொள்ளும் ‘ஒட்டிக்கோ’ வேட்டியும் உண்டு. அதைக் கட்டியவர் சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியாது.

கேள்வி: வரவேற்பில் குதிகால் உயர்ந்த செருப்பு அணியாவிட்டால் குட்டையாகத் தெரிகிறேன், அணிந்தால் ஒரு மணி நேரத்தில் கால் கெஞ்சுகிறது.
– வாசகி, புதுச்சேரி

பதில்: ஊசிக் குதிகாலை விட்டு, அகலமான கட்டைக் குதிகால் வாங்குங்கள், முன்பாதத்தின் அடியிலும் சற்றுத் தடிமன் இருந்தால் பாதத்தின் சரிவு குறைந்து, விரல்களில் விழும் பாரம் குறையும். கணுக்காலில் பட்டை உள்ளதாகப் பார்த்து வாங்கி, மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பாருங்கள். விழா அன்று செருப்பை அணிந்துகொண்ட பிறகுதான் புடவை கட்ட வேண்டும். ஃபால்ஸ் தரையைத் தொட்டும் தொடாமலும் விழுந்தால் செருப்பு மறைந்து, இடுப்பிலிருந்து தரை வரை ஒரே கோடாகத் தெரியும். அந்த உயரத்தில் பாதியைப் புடவையே கொடுத்துவிடும் என்பதால், இரண்டு அங்குலத்துக்கு மேல் குதிகாலுக்குச் செலவழிக்க வேண்டாம்.