"கார்புரேட்டரைச் சுத்தம் செய்தால் போதும்": வாங்குவோர் கேள்வி-பதில்

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு பழைய சின்ன மோட்டார் சைக்கிளைச் சரிசெய்யும் வாசகரின் கடிதத்தைச் சென்ற முறை வெளியிட்டிருந்தேன். அதே வேலையில் இறங்கியிருக்கும் பலர் எழுதியிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூவர் சேமிப்பைப் போட்டு ஒரு பழைய வண்டி வாங்கினார்கள். "சும்மா நின்ற வண்டி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்தால் ஓடிவிடும்" என்றார் விற்றவர். இரண்டு முறை சுத்தம் செய்தும் ஓடவில்லை. புது கார்புரேட்டர் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள்.

பழைய வண்டிச் சந்தையில் என்னை மிகவும் கோபப்படுத்துவது விற்றவர் சொன்ன அந்த வாக்கியம்தான். அரை நாள் வேலையில் வண்டி ஓடிவிடும் என்றால், விற்பவரே அதைச் செய்து இன்னும் நல்ல விலைக்கு விற்றிருப்பாரே? பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில், பல மாதம் நின்ற பெட்ரோல் பிசினாகி, அது பாய்ந்து வரும் முடி அளவு மெல்லிய ஜெட் துளையை அடைப்பது உண்மை. அந்த உண்மையின் நிழலில்தான் எல்லாப் பழுதையும் ஒளித்து விற்கிறார்கள்.

எஞ்சின் ஓட பெட்ரோல், தீப்பொறி, கம்ப்ரஷன் (பிஸ்டன் சிலிண்டருக்குள் தரும் அழுத்தம்) மூன்றும் வேண்டும். பத்து முறை உதைத்துவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நுனி காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் தீப்பொறியைச் சந்தேகியுங்கள். பிளக்கைத் துடைத்து, அதன் வயர் நுனியில் உள்ள மூடியில் மாட்டி, அதன் இரும்பு உடலை எஞ்சினில் நன்றாக அழுத்தி வைத்து உதைத்தால் பொறி தெரிய வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் இருக்கக் கூடாது. பிளக் துளையிலிருந்தும் பெட்ரோல் ஆவி வரும், அதனால் துளையைவிட்டு விலக்கிப் பிடியுங்கள். இதைப் பெரியவர் ஒருவர்தான் செய்ய வேண்டும்.

இரண்டும் சரி என்றால் கம்ப்ரஷன் மானியை இரவல் வாங்கி, ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து உதைத்து அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு பக்கம் கோளாறு. எதை வாங்குவது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

நானும் ஏமாந்தவன்தான். பார்க்கப் போனபோது வண்டி ஒரே உதையில் கிளம்பியது. எஞ்சின் முன்பே சூடாக இருந்ததைக் கவனித்தும், நல்ல அறிகுறி என்று நினைத்துவிட்டேன். மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினை நாற்பது முறை உதைத்தும் பயனில்லை. கழற்றிப் பார்த்தால் எக்ஸாஸ்ட் வால்வு கருகிப்போயிருந்தது. அன்றிலிருந்து, பேச்சைத் தொடங்குமுன் எஞ்சின் மேல் கை வைத்துப் பார்க்கிறேன். சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருக்கிறேன். காத்திருக்க விடாதவரிடம் வாங்குவதில்லை.

கேள்வி: அடிச்சட்ட எண் ராவப்பட்ட வண்டி மிக மலிவாக வருகிறது. பிள்ளைகள் பழகத்தானே, வாங்கலாமா?

பதில்: கூடாது. அது யாரோ ஒருவரிடமிருந்து திருடப்பட்டதாக இருக்கலாம்.

கேள்வி: 110 சிசி என்று சொல்லி விற்றார். அதற்கேற்ற பிஸ்டன் வாங்கினேன், பொருந்தவில்லை. எஞ்சினில் 139FMB என்று பொறித்திருப்பதை எங்கள் தெருப் பையன் ஒருவன் கண்டுபிடித்தான்.

பதில்: அந்தப் பையனைப் பாராட்டுங்கள். அந்த எண்ணில் 39 என்பது சிலிண்டரின் விட்டம், மில்லிமீட்டரில். உங்களிடம் இருப்பது 50 சிசி எஞ்சின். 110 என்று விற்கப்படும் இவ்வகை எஞ்சின்களில் பெரும்பாலும் 52 என்று இருக்கும். 1958இல் வந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டியின், சிலிண்டர் படுக்கைவாட்டில் இருக்கும் எஞ்சின் வழியில் உருவான நகல்கள் இவை. வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால் ஏமாற்றுவது எளிது. தவறு உங்களுடையதல்ல. விற்பனை விளம்பரத்தையும் எஞ்சின் எண்ணின் படத்தையும் சேர்த்து அனுப்பி, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். பேச்சில் கேட்டால் மறுத்துவிடுவார்கள். பிஸ்டனைக் கடையில் மாற்றித் தரவும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: தள்ளுபடியில் வந்ததால் எஞ்சின் பழுதுபார்க்கும் தொகுப்பு முழுவதையும் முன்கூட்டியே வாங்கிவிட்டேன். எஞ்சினை இன்னும் திறக்கவில்லை. கேஸ்கெட் (எஞ்சின் பாகங்களுக்கு இடையே வைக்கும் அடைப்புத் தகடு) அளவு வேறாக இருக்கிறது. கடைக்காரர் திரும்ப வாங்க மறுக்கிறார்.

பதில்: திறந்து பார்க்காத எஞ்சினுக்கு எந்த அளவை வைத்து வாங்கினீர்கள்? உறையைப் பிரித்தும்விட்டீர்கள். கடைக்காரர் மேல் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: கார்புரேட்டர் திருகுகளின் தலை வழுக்கிவிட்டது. பிள்ளைகள் முரட்டுத்தனமாகத் திருகிவிட்டார்கள். இனி என்ன செய்வது?

பதில்: பிள்ளைகளைத் திட்டாதீர்கள், திருப்புளியைப் பாருங்கள். ஜப்பானிய வண்டிகளிலும் அவற்றின் நகல்களிலும் பெரும்பாலும் இருப்பது ஜப்பானியத் தர அளவிலான கூட்டல்குறித் திருகு. தலையில் ஒரு சிறு புள்ளி இருந்தால் அதுதான். சாதாரணக் கூட்டல்குறித் திருப்புளி அதில் முழுதாக இறங்காது. அழுத்தித் திருகும்போது மேலே எம்பிக் காடியை அரைத்துவிடும். ஜப்பானிய அளவுத் திருப்புளி ஒன்று வாங்குங்கள். வழுக்கிய திருகுகளை இடுக்கியால் பிடித்துக் கழற்றி, அறுகோணக் குழித் தலைத் திருகுகளை அதே நீளத்தில் போடுங்கள். கார்புரேட்டரை மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: முன்சக்கர பேரிங்குக்கு, "இந்த வண்டிக்கு என்று தனியாக வரும்" என்று சொல்லி மிக அதிக விலை கேட்கிறார்கள்.

பதில்: பழைய பேரிங்கைத் துடைத்து எண்ணைப் படியுங்கள். 6301 என்றால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 மில்லிமீட்டர். உலகம் முழுவதும் அதே அளவுதான். எண்ணைச் சொல்லி, இருபக்கமும் ரப்பர் மூடியுள்ளதாக, பேரிங் விற்கும் கடையில் வாங்குங்கள். வண்டியின் பெயரைச் சொல்லாதீர்கள்.

கேள்வி: பயன்படுத்தாத டயர் என்று ஒன்று தருகிறார். பட்டைகள் புதிதாக உள்ளன, பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள். பக்கத்தில் 3512 என்று இருக்கிறது.

பதில்: 2012ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்த டயர். வேண்டாம்.

கேள்வி: கையில் இருக்கும் பணத்தில் ஒன்றுதான் வாங்க முடியும். பிள்ளைகள் சைலன்சர் கேட்கிறார்கள். பிரேக் ஷூவும் தேய்ந்திருக்கிறது. இத்தனை நாள் உழைத்தவர்களை ஏமாற்றமடைய வைக்க மனம் வரவில்லை.

பதில்: பிரேக் ஷூ வாங்குங்கள். காரணத்தை அவர்களுக்கே காட்டுங்கள்: டிரம்மைக் கழற்றி, பழைய ஷூவின் தடிமனைப் புதியதோடு ஒப்பிட்டு அவர்கள் கையாலேயே அளக்கட்டும். உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ காற்றடித்தோ ஊத விடாதீர்கள். பழைய ஷூக்களில் கல்நார் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.