கேளுங்க சொல்றோம்: செப்டிக் டேங்க் இருக்கறப்ப பாதாள சாக்கடை எதுக்கு?

கேள்வி: எங்க அக்காவ கடலோரத்துல ஒரு சின்ன ஊர்ல கட்டிக் கொடுத்திருக்கோம். அங்க பாதாள சாக்கடை வருதாம், டெபாசிட் கட்டச் சொல்றாங்களாம். எங்க வீட்ல இருபது வருஷமா செப்டிக் டேங்க்தான், ஒரு தொந்தரவும் இல்ல. அவங்களுக்கு மட்டும் எதுக்குங்க இந்தச் செலவு?
(வாசகர், பர்கூர்)

பதில்: உங்க பர்கூர்ல கடப்பாரை போட்டா நாலடிலயே டங்குன்னு பாறை தட்டும், போர் போட்டப்ப தண்ணி எத்தனை அடில வந்துச்சுன்னும் உங்களுக்கே தெரியும். அக்கா வீட்டுப் பின்னாடி ஒரு நாலடி மண்வெட்டியால தோண்டிப் பாக்கச் சொல்லுங்க, பக்கத்து மணல் சரிஞ்சுகிட்டே இருக்கும், கொஞ்ச நேரத்துல அடில தண்ணி கசிஞ்சு நிக்கும். அங்க செப்டிக் டேங்க்லேந்து உறிஞ்சி குழிக்குப் போற தண்ணிக்கு மண்ணுல வடிகட்டறதுக்கு நேரமே கிடைக்காது, நேரா நிலத்தடி தண்ணில கலந்து பக்கத்து கிணறு, அப்புறம் ஆறு கடல்ல சேர்ற கழிமுகம்னு போயிடும். டேங்க் மலத்தைத்தான் அடில தங்க வைக்கும், தண்ணில கரைஞ்ச நைட்ரஜன நிறுத்தாது. அது போற இடத்துல பாசி கட்டும், பாசி அழுகறப்ப தண்ணில ஆக்சிஜன் குறையும், மீன் குஞ்சு பொரிச்சு வளர்ற இடமே அந்தக் கழிமுகம்தான்.

சரி, பைப் போட்டா முடிஞ்சுதான்னா இல்ல, அங்கதான் ஆரம்பமே. சாக்கடை பைப்புக்கு உயிரே வாட்டம்தாங்க, அதாவது சரிவு. உள்ள தண்ணி நொடிக்கு 0.6 மீட்டராவது ஓடணும், இல்லனா மண்ணும் மலமும் அடில தங்கி அடைச்சுக்கும். நம்ம பக்கம் மேடு பள்ளம் இருக்கு, தானா ஓடும். கடலோரம் தட்டையா இருக்கும், சின்ன பைப்புக்கு 200 மீட்டருக்கு 1 மீட்டர் வாட்டம்னு ஒரு பேச்சுக்கு வச்சாலும் 2 கிலோமீட்டர் போறதுக்குள்ள 10 மீட்டர் ஆழம் போயிடும், அந்த மணல்ல அவ்ளோ ஆழம் தோண்டுனா பாதி செலவு தண்ணி இறைக்கறதுக்கே சரியா இருக்கும். அதனால நடு நடுவுல பம்பிங் ஸ்டேஷன் வச்சு மேல ஏத்தி ஏத்தி விடுவாங்க, ஒவ்வொண்ணுக்கும் ஜெனரேட்டர் வேணும், புயல் அடிச்சு ரெண்டு நாள் கரண்ட் இல்லனா என்ன ஆகும்னு திட்டம் போடறப்பவே யோசிக்கணும் (பெரும்பாலும் யோசிக்கறதில்ல).

எவ்ளோ தண்ணி வரும்? ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணி குடுக்கறாங்கன்னு வச்சு அதுல 80 சதவீதம் சாக்கடைக்கு வரும்னு போடுவாங்க. 30,000 பேர் இருக்கற ஊருன்னா தினம் 32 லட்சம் லிட்டர். அத வச்சுதான் சுத்திகரிப்பு நிலையம் எவ்ளோ பெருசுன்னு முடிவாகும். இதுல மழைத்தண்ணி சேரவே கூடாது. அக்கா வீட்டு மொட்டமாடி பைப்ப பிளம்பர் சும்மா இருக்கட்டும்னு சாக்கடைல சொருகிட்டார்னா, தெருல நாலு பேரு அப்படி பண்ணா போதும், ஐப்பசி மழைல மேன்ஹோல் மூடி எகிறி எல்லாம் ரோட்ல ஓடும்.

டெபாசிட்ட கட்டச் சொல்லுங்க. கோடி கோடியா கொட்டி பைப் போட்டும் பாதி வீடு கனெக்‌ஷன் வாங்கலன்னா பைப்ல ஓட்டமே இருக்காது, கழிமுகமும் அப்படியேதான் நாறும். ஆமா, தொந்தரவு இல்லன்னு சொல்றீங்களே, உங்க போர் தண்ணிய என்னைக்காவது டெஸ்ட் பண்ணிருக்கீங்களா? பாறைல வெடிப்பு இருந்தா அது வழியா டேங்க் தண்ணி போருக்கு வர்றது உண்டு.

கேள்வி: கடலுக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?
(வாசகி, ஓசூர்)

பதில்: உங்க ஊர் கெலவரப்பள்ளி அணைல தண்ணி திறந்தா சோப்பு நுரை மாதிரி பொங்குதே, அது ஆத்துக்கு மேல்பக்கம் இருக்கற நகரத்துலேந்து வர்ற சாக்கடைங்க. அந்த அணை இருக்கற தென்பெண்ணை ஆறுதான் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை தாண்டி கடலூர்கிட்ட கடல்ல சேருது. போற வழில நுரை அடங்கிடும். அதுல கரைஞ்சிருக்கற சமாச்சாரம் கொஞ்சம் அணையில தங்கும், மிச்சம் கண்ணுக்குத் தெரியாம தண்ணியோடவே போகும்.