அப்பாவின் பழைய யெஸ்டி பைக்கில் பெட்ரோல் டேங்க் ஒழுகுகிறது. அடைக்கலாமா, டேங்கை மாற்றித்தான் ஆகவேண்டுமா?

அடைக்கலாம். மாற்றச் சொன்ன மெக்கானிக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, அடைக்கலாம்.

நீங்கள் எழுதியிருப்பது இரண்டே வரி. வண்டி கொட்டகையில் கிடந்தது, பெட்ரோல் ஊற்றினால் கீழே சொட்டுகிறது, மெக்கானிக் 'டேங்கே போச்சு' என்கிறார். மிச்சத்தை நானே ஊகித்துக்கொள்கிறேன். அந்த மெக்கானிக் தம்பி பிறந்ததே, யெஸ்டி செய்த மைசூர் கம்பெனி மூடிய 1996-க்குப் பிறகாக இருக்கும். வீட்டில் ஒருவராவது 'எடைக்குப் போட்டுத் தொலை' என்றிருப்பார். எங்கள் வீட்டில் அதைச் சொன்னவர் என் மைத்துனர். அவருக்கு இன்னும் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, அதனால் இங்கே கொஞ்சம் நீளும்.

முதலில் ஒழுகுவது டேங்க்தானா என்று பாருங்கள். பல சமயம் பெட்ரோல் காக்கின் (டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு) வாஷர் காய்ந்து வெடித்திருக்கும், இல்லையென்றால் டியூப் இறுகிக் கீறல் விட்டிருக்கும். இரண்டும் டீச் செலவு. டேங்கின் அடிப்பாகத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, பஞ்சில் விபூதியைத் தொட்டு அடி முழுக்க ஒற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் ஈரம் பட்ட இடம் மட்டும் கறுத்துக் காட்டும். கோலமாவும் ஆகும், ஆனால் நறநறவென்று இருக்கும், விபூதிதான் நைஸ். கோயில் விபூதியை இதற்கா எடுப்பது என்று சண்டைக்கு வருகிறவர்கள் கடையில் பாக்கெட் வாங்கிக்கொள்ளவும்.

எங்கள் வண்டியில் கறுத்தது இடது பக்கம், பின்மூலை. காரணம் பிறகுதான் புரிந்தது. பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம், அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வண்டி சைடு ஸ்டாண்டில் இடப்பக்கம் சாய்ந்து நின்றால் அந்த மூலைதான் பள்ளம். அங்கே நிற்கிற தண்ணீர் காக் வழியாக வெளியே வராது, அங்கேயே இருந்து தகட்டைத் தின்னும்.

தண்ணீர் எப்படி உள்ளே போனது? எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தபோது கொட்டகையின் தகரக் கூரை பறந்து, ஒரு தென்னை குறுக்கே விழுந்தது. டேங்க் மூடி நெளிந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. அப்பா போய் அப்போது எட்டு மாதம். வீடு, வயல், கரண்ட் என்று அலைந்ததில் வண்டி அரை டேங்க் பெட்ரோலோடு ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே நின்றது.

கஜா என்று எழுதிவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். விழுந்த தென்னைக்கு, வெட்டி அகற்றும் கூலியும் சேர்த்து, மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் தந்தார்கள். எங்கள் கொல்லையில் விழுந்தவை 34. கணக்கெடுக்க வந்தவர் எழுதிக்கொண்டது 23. வாய்க்காலுக்குள் விழுந்த பதினொன்று 'உங்க எல்லையில இல்ல சார்'. வேர் எங்கள் கொல்லையில், தலை வாய்க்காலில், அதற்கு என்ன கணக்கு? அந்த மரங்கள் அப்பா வைத்தவை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், தெரிகிறது.

சரி, டேங்க். நான் செய்த தப்புகளை வரிசையாகச் சொல்கிறேன், நீங்கள் தவிர்க்கலாம். முதலில் 501 சோப்பைத் தேய்த்தேன். சிரிக்காதீர்கள், பெட்ரோலில் சோப்பு கரையாது, வழியில் ஒழுகினால் வீடு வந்து சேர அது போதும். அதை நம்பி ஒரு மாதம் ஓட்டியதுதான் தப்பு. அடுத்து எம்-சீல், அந்தப் பிசைந்து அப்புகிற பசை. பெயின்டைச் சுரண்டாமல், பெட்ரோல் கசியக் கசிய, மேலேயே அப்பினேன். நாலு மாதம் நின்றது, பிறகு அதன் ஓரம் வழியாகவே ஊற ஆரம்பித்தது. இப்படி இரண்டு முறை. எம்-சீல் கெட்டது என்று சொல்லவில்லை. டேங்கைக் காலி செய்து, காயவைத்து, தகட்டின் வெள்ளை தெரியத் தேய்த்துப் போட்டிருந்தால் இன்னும் நின்றிருக்கும்.

மூன்றாவதுதான் பெரிய தப்பு. பக்கத்து ஊரில் ஒரு கேஸ் வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பெயர் வேண்டாம், அவர் மேல் மட்டும் தப்பு இல்லை, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் புத்தி இல்லை. ஒரு வாளிப் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு, 'காலி டேங்க்தானே' என்று நெருப்பைக் காட்டினார். 'டப்' என்று ஒரு சத்தம். டேங்க் வாய் வழியாக ஒரு முழம் நீலத் தீ. அவர் கைமுடி கருகியது, என் இடது புருவம் பாதி போனது. தென்னை விழுந்து உண்டான ஒடுக்கு ஒன்று அந்த அழுத்தத்தில் தானாக வெளியே வந்துவிட்டது, லாபம் அது ஒன்றுதான்.

நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கொட்டினாலும் அடியிலும் மடிப்பிலும் தங்கும். காற்றில் அது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு இருந்தாலே பற்றிக்கொள்ளும். யார் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், வெந்நீரும் சோப்புத் தூளும் போட்டு மூன்று நாலு முறை கழுவாத டேங்கை நெருப்பிடம் கொடுக்காதீர்கள். மூக்கை வைத்தால் பெட்ரோல் வாசனை வந்தால் இன்னும் கழுவவில்லை என்று அர்த்தம்.

கடைசியில் அடைத்துக் கொடுத்தவர் மெக்கானிக்கே இல்லை. கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிற ஒரு பெரியவர். என் மனைவியின் பெரியம்மா வீட்டுக்கு அண்டா ஓட்டையை ஈயத்தால் பற்றவைக்க வந்திருந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டேன். 'அண்டாவுக்கும் இதுக்கும் என்ன தம்பி? அதுல தண்ணி நிக்கணும், இதுல எண்ணெய் நிக்கணும், அவ்ளோதான்' என்றார்.

அவர் வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமே. டேங்கை வெந்நீரில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் வாயைக் கீழே கவிழ்த்து வைக்கச் சொன்னார். மூன்றாம் நாள் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். கோணி ஊசியால் ஓட்டையைக் குத்தினார். ஊசிமுனை அளவு இருந்தது மிளகு அளவு ஆனது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 'துரு தின்ன இரும்ப விட்டுட்டு மேல பூசினா நிக்காது ஐயா' என்று அடுத்த ஓரத்தையும் குத்தினார். கெட்டித் தகடு வரும்வரை விடவில்லை. பிறகு உப்புத்தாளால் ஐந்து ரூபாய் அகலத்துக்கு வெள்ளி மாதிரித் தேய்த்தார்.

தீர்ந்த டார்ச் பேட்டரியின் துத்தநாக மேல்தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி, கண்ணாடிப் பாட்டிலில் இருந்த ஆசிட்டில் போட்டு, நுரை அடங்கியதும் அந்தத் தண்ணீரைக் குச்சியால் தொட்டுத் தடவினார். கரி அடுப்பு முற்றத்தின் அந்தக் கோடியில், டேங்க் இந்தக் கோடியில். செம்புச் சூட்டுக்கோலை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்து வருவார், நவாச்சாரக் கட்டியில் ஒரு தேய்ப்பு, வெள்ளைப் புகை, உடனே ஈயம். எண்ணெய் டின்னில் வெட்டிய ஒரு தகரத் துண்டை மேலே வைத்து ஓரம் முழுக்கப் பற்றவைத்தார். உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி, வெளியே சுண்ணாம்பு தடவி, ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தோம். ஈரம் காட்டவில்லை. 350 ரூபாய் கேட்டார், 500 கொடுத்தேன்.

உள்ளே துரு இருந்தால் அடைத்ததில் பயன் இல்லை, வேறு இடத்தில் வரும். வினிகரை நிரப்பி இரண்டு நாள் வைத்தேன். கொட்டிவிட்டுச் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே காயவைத்து, நூறு மில்லி டூ-டி ஆயிலை ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டினேன். ஆயில் தடவாவிட்டால் அன்றைக்கே மறுபடி சிவந்துவிடும். ஆற்று மணலைப் போட்டுக் குலுக்கச் சொல்வார்கள், வேண்டாம், மணல் காலத்துக்கும் கார்புரேட்டரில் வந்துகொண்டிருக்கும். நான் நட்டு போட்டுக் குலுக்கினேன். போட்டது 30, வந்தது 29. மிச்சம் ஒன்றை எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. எண்ணிப் போடுங்கள்.

இதற்கு 'ஈயம் வண்டி அதிர்வில் விட்டுப்போகும்', 'உள்ளே எபாக்ஸி கோட்டிங் போட வேண்டியதுதானே' என்று எழுதப் போகிறவர்களுக்கு: தெரியும். மடிப்பு நீளத்துக்கு விரிந்திருந்தால் ஈயம் தாங்காது, பித்தளையை உருக்கிப் போடும் பற்றுதான் வேண்டும். அடி முழுக்கச் சல்லடையாக இருந்தால் மெக்கானிக் சொல்வதே சரி, மாற்றுங்கள். ஆனால் இப்போது கடையில் கிடைப்பது டூப்ளிகேட், கையால் அமுக்கினாலே உள்ளே போகிறது. 2022-ல் அதே பெயரில் வந்த புது வண்டியின் டேங்க் இதற்குப் பொருந்தாது, அதையும் விசாரித்துவிட்டேன். நான் சொல்வது ஒன்றிரண்டு ஊசி ஓட்டைக்குத்தான்.

இன்னொன்று. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும், அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் சுத்தமாக வடித்து ஆயில் தடவி வையுங்கள், அரை டேங்கோடு விடாதீர்கள். முக்கியமாகச் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள்.

விபூதி ஒற்றிப் பார்த்துவிட்டு எந்த மூலை கறுத்தது என்று சொல்லுங்கள். இடது பின்மூலையாக இருந்தால் முதலில் மூடியின் ரப்பர் வாஷரைப் பாருங்கள்.