கோவையில இருந்து ஒரே நாள்ல மலை ரயில்: குன்னூர்லயே இறங்கிடுங்க

கோவையில இருந்து ஒரு சகோதரி, குடும்பத்தோட ஒரே நாள்ல ஊட்டி மலை ரயில்ல போய்ட்டு வர்றது பத்திக் கேட்டிருக்காங்க. அப்பாவுக்கு 70 வயசு, அம்மாவுக்கு முழங்கால் வலி, பையனுக்கு 6 வயசு, ரயில்னா உயிர். ஒரு டூர்க்காரர் "காலைல கூட்டிட்டுப் போய் ராத்திரி வீட்ல விட்டுடறோம், கைடு கூடவே வருவார், டாய் ட்ரெயின் உண்டு"ன்னு பேக்கேஜ் சொல்லியிருக்கார், அதுக்கு அவ்வளவு காசு குடுக்கலாமா, ரயில்லயே போய் ரயில்லயே திரும்பறது நல்லதா, பையன் வாந்தி எடுப்பானா, அம்மா தாங்குவாங்களான்னு கேள்வி. டிசம்பர் ரெண்டாவது வாரம் போகலாம்னு நினைக்கிறாங்களாம்.

இத்தனை வருஷமா ஆளுங்கள மலைக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வர்றவன்கிற முறையில பதிலை முதல்லயே சொல்லிடறேன்மா. மேட்டுப்பாளையத்துல ஏறுங்க, குன்னூர்ல இறங்குங்க, கீழ கார்லயோ பஸ்லயோ வாங்க. ஒரே நாள்ல, வயசானவங்களையும் குழந்தையையும் வச்சுக்கிட்டு, இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க.

ஏன்னு சொல்றேன். மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். காலைல 7.10-க்கு கெளம்புற வண்டி ஊட்டி போய்ச் சேர மதியம் 12 ஆகிடும், அதாவது கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். கீழ இறங்குற வண்டி ஊட்டியில 2 மணிக்கு. நடுவுல உங்களுக்குக் கிடைக்கிறது வெறும் ரெண்டு மணி நேரம், அதுல ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கே போய்டும், அப்புறம் மறுபடியும் மூணரை மணி நேரம் அதே சீட்ல. ஆரம்ப காலத்துல நானே ஒரு குடும்பத்தை இப்படி ரெண்டு பக்கமும் ரயில்ல கூட்டிட்டுப் போனேன், திரும்பி வரும்போது அந்தப் பாட்டி "தம்பி இன்னும் எவ்வளவு தூரம்"னு கேட்டுக்கிட்டே வந்தாங்க, குழந்தைங்க ரெண்டும் தூங்கிப்போச்சு, யாருமே வெளிய பாக்கல. அன்னைக்கு முடிவு பண்ணேன், ஒரு நாள் ட்ரிப்புக்கு ரெண்டு பக்கமும் ரயில் வேண்டாம்னு.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். இந்த ரயிலோட அதிசயம் முழுக்க மலை அடிவாரத்துல இருக்கிற கல்லாறு ஸ்டேஷன்ல இருந்து குன்னூர் வரைக்கும்தான் இருக்கு. மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரம், குன்னூர் 1,700 மீட்டருக்கு மேல, அவ்வளவு ஏத்தத்தையும் 27 கிலோமீட்டர்ல ஏறணும், செங்குத்தான இடத்துல 12 அடி முன்னாடி போனா 1 அடி மேல ஏறுது. வெறும் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்துல இந்தச் சரிவுல வழுக்கிடும்ங்க. அதனாலதான் ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வச்ச ரெண்டு பட்டையை ஒட்டினாப்ல போட்டிருக்காங்க, ஒண்ணோட பல்லு இருக்கிற இடத்துல இன்னொண்ணோட பள்ளம் வர்ற மாதிரி. இன்ஜினுக்கு அடியில இருக்கிற பல்சக்கரம் அதைக் கடிச்சுக்கிட்டு ஏறும், எந்த நேரத்துலயும் ஒரு பல்லாவது பிடியில இருக்கும். ரோமன் ஆப்ட்னு சுவிட்சர்லாந்து இன்ஜினியர் கண்டுபிடிச்ச முறை இது. இந்தியாவுல பல் தண்டவாளத்துல பயணிகள் ரயில் ஓடற ஒரே இடம் நம்ம நீலகிரிதான், 1899-ல குன்னூர் வரைக்கும் வந்துச்சு, 1908-ல ஊட்டியைத் தொட்டுச்சு, 2005-ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேந்துச்சு. குன்னூருக்கு மேல பல் தண்டவாளம் கிடையாது, நீராவி இன்ஜினைக் கழட்டிட்டு டீசல் இன்ஜின் மாட்டிடுவாங்க. கேத்தி பள்ளத்தாக்கு அழகுதான், மறுக்கல, ஆனா பாக்க வேண்டியதை குன்னூர் வர்றதுக்குள்ளயே பாத்து முடிச்சிருப்பீங்க.

இங்கதான் பேக்கேஜ் விஷயத்துல கவனமா இருக்கணும். "டாய் ட்ரெயின் உண்டு"ன்னு சொல்றாங்கல்ல, எங்க இருந்து எங்க வரைக்கும்னு கேளுங்க. நிறைய பேர் கார்லயே மேல கூட்டிட்டுப் போய் ஊட்டியில இருந்து குன்னூர் வரைக்கோ, இல்ல நடுவுல ரெண்டு ஸ்டேஷனுக்கோ டீசல் வண்டியில உக்கார வச்சுட்டு அதையே டாய் ட்ரெயின்னு கணக்குல சேத்துடறாங்க. அதுவும் மலை ரயில்தான், பொய்யில்ல, ஆனா புகையும் கிடையாது பல்சக்கரமும் கிடையாது, ரயில் பைத்தியமா இருக்கிற உங்க பையனுக்கு ஏமாத்தமா போய்டும். "மேட்டுப்பாளையம் டு குன்னூர், காலை 7.10 வண்டி, முன்பதிவு செஞ்ச சீட்டு"ன்னு எழுத்துல குடுக்கச் சொல்லுங்க. பணம் கட்டறதுக்கு முன்னாடி பிஎன்ஆர் நம்பரை வாங்கி நீங்களே செக் பண்ணுங்க, சீட்டு உங்க குடும்பத்து ஆளுங்க பேர்ல இருக்கணும், வேற யார் பேர்லயோ எடுத்து வச்சுக்கிட்டு "நாங்க பாத்துக்கறோம்"னு சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. டிக்கெட் பரிசோதகர் அடையாள அட்டை கேட்டா நடுவழியில நிக்கப்போறது நீங்கதான்.

கைடு பத்தி ஒரு உண்மையைச் சொல்றேன், நானே இந்தத் தொழில்ல இருந்துக்கிட்டு சொல்றேன். பழைய மாதிரி மலை ரயில் பெட்டியில நடுவுல நடைபாதை கிடையாது. ஒவ்வொரு வரிசைக்கும் தனிக் கதவு, எதிரெதிர் பெஞ்சு, ஏறி உக்காந்தா அடுத்து வண்டி நிக்கிற வரைக்கும் அங்கதான். கைடு உங்க எதிர்ல உக்காந்திருந்தா மட்டும்தான் அவர் பேசறது காதுல விழும், வேற பெட்டியில ஏறிட்டார்னா ரயிலுக்குள்ள அவரால ஒரு பிரயோஜனமும் இல்ல. அதனால நல்ல கைடோட வேலை ரயிலுக்கு முன்னாடியும் ரயிலுக்கு அப்புறமும்தாங்க. விடியக்காலைல வீட்ல இருந்து உங்களை மேட்டுப்பாளையம் சேக்கறது, நேரம் இருந்தா ஸ்டேஷன்லயே இன்ஜினைக் கிட்டத்துல கொண்டுபோய் காட்டறது, நீங்க குன்னூர்ல இறங்கும்போது கார் தயாரா நிக்கிறது, வண்டி ரத்தானா என்ன பண்றதுன்னு கையில ஒரு ஏற்பாடு வச்சிருக்கறது. இது நாலையும் செய்யறவருக்கு காசு குடுக்கலாம், வயசானவங்களைக் கூட்டிட்டுப் போற உங்களுக்கு அது வொர்த்துதான். வெறும் டிக்கெட் எடுத்துக் குடுத்துட்டு கூட வர்றவருக்கு குடுக்க வேண்டாம், முதல் வகுப்பு டிக்கெட்டே சில நூறு ரூபாய்தான், 60 நாள் முன்னாடி காலைல 8 மணிக்கு ரயில்வே சைட்ல நீங்களே உக்காந்து எடுத்துடலாம். லேட் பண்ணா மட்டும் கிடைக்காது, லீவு நாள்னா சீட்டு சீக்கிரமே தீந்துடும்.

டிக்கெட் எடுக்கும்போது முதல் வகுப்பாவே எடுங்க. அம்மா முழங்காலுக்காகத்தான் சொல்றேன், ரெண்டாம் வகுப்புல எதிர்ல உக்காந்தவங்க முட்டியும் நம்ம முட்டியும் இடிக்கும், மூணு மணி நேரத்துக்கு மேல அப்படி மடக்கி உக்காந்தா இறங்கும்போது அவங்களால நிக்கவே முடியாது. பையனுக்கு 5 வயசு தாண்டியாச்சு, தனி சீட்டு வேணும்னா முழு டிக்கெட் எடுத்தாகணும், மடியில வச்சுக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. அப்பாவுக்கு சீனியர் சலுகைன்னு கேப்பீங்க, அது 2020 மார்ச்லயே நிறுத்தியாச்சு.

முதல் வகுப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கு. மேல ஏறும்போது இன்ஜின் பின்னாடி இருந்து தள்ளிக்கிட்டு வரும், முதல் வகுப்புப் பெட்டி முன்னாடி இருக்கும். இன்ஜின் பின்னாடி இருக்கறதால டிரைவருக்கு முன்னாடி பாதை தெரியாது. அப்புறம் யார் பாக்கறா? ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னாடி சின்ன மேடை மாதிரி இருக்கும், அதுல ஒரு பிரேக்ஸ்மேன் நின்னுக்கிட்டே வருவார். முதல் பெட்டிக்காரர் பாதையைப் பாத்துட்டு பச்சைக் கொடியை வெளிய நீட்டுவார், அதைப் பாத்து ரெண்டாவது பெட்டிக்காரர் நீட்டுவார், அப்படியே கை மாறி கடைசியில டிரைவர் கண்ணுக்குப் போய்ச் சேரும். வளைவுல வண்டி வளையும்போது பையனை ஜன்னலோரம் உக்கார வச்சு முன்னாடி காட்டுங்க, மழையோ பனியோ அந்தக் கொடி மட்டும் வெளிய நீட்டிக்கிட்டே இருக்கும். நூறு வருஷத்துக்கு மேல இந்த மலையில உயிரைக் காப்பாத்திக் குடுக்கற கைங்க அது, எனக்கு ஒவ்வொரு தடவையும் அதைப் பாக்கும்போது மனசு நெகிழ்ந்துடும்.

அப்புறம் கல்லாறு. பாக்குத் தோப்பு தாண்டினதும் வண்டி ஒரேயடியா மெதுவாகும், நடந்து போறவன் வேகத்துக்கு வந்துடும். பேச்சை நிறுத்திட்டு காலை நல்லா தரையில ஊனி உக்காருங்க. பல்சக்கரம் பல்லைக் கவ்வுற அந்த நொடி அடியில இருந்து லேசா ஒரு உதறல் வரும், அதுக்கப்புறம் வண்டியோட சத்தமே மாறிடும், கட கடன்னு ஒரே சீரா, மூச்சு வாங்கற மாதிரி. அங்கிருந்து மணிக்கு 13 கிலோமீட்டர்தான் வேகம். மொத்தப் பாதையில 16 குகை, 250 பாலம், அதுல பெரும்பங்கை குன்னூர் வர்றதுக்குள்ளயே தாண்டிடுவீங்க.

ஹில்குரோவ்ல வண்டி தண்ணி குடிக்க நிக்கும். நீராவி இன்ஜின் ஆச்சே, தண்ணி இல்லாம நகராது. பெட்டிக்குள்ள டாய்லெட் கிடையாது, அதனால அப்பா அம்மாவை அங்க கண்டிப்பா இறக்கிக் கூட்டிட்டுப் போங்க, வேண்டாம்னு சொன்னாலும் கூட்டிட்டுப் போங்க, காலைல காபியைப் பாதியாக் குறைச்சுக்கச் சொல்லுங்க. குரங்கு ஜாஸ்தி. பிஸ்கட் பாக்கெட்டை கையில வச்சுக்கிட்டு கீழ இறங்கினா பையன் கையில இருந்து புடுங்கிட்டு ஓடிடும், பயந்துபோய்டுவான், அதனால திங்கறதெல்லாம் பெட்டிக்குள்ளயே முடிச்சுடுங்க.

வாந்தி விஷயத்துக்கு வர்றேன். ரயில்ல பயப்படாதீங்க, இவ்வளவு மெதுவா போற வண்டியில பொதுவா வாந்தி வராது. வர்றது கீழ இறங்குற ரோட்டுலதான், குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவு. கெளம்பறதுக்கு முன்னாடி வயிறு முட்ட சாப்பாடு குடுக்காதீங்க, முன் சீட்டுல பெரியவங்க யாராவது உக்காருங்க, பையன் பின்னாடி நடுவுல உக்காந்து நேரா ரோட்டைப் பாத்துக்கிட்டு வரட்டும், போனைக் கையில குடுக்காதீங்க. வழியில வர்ற பர்லியாறுல அஞ்சு நிமிஷம் நிறுத்தி காத்து வாங்க விடுங்க. சீசன் சமயத்துல மேல போற வண்டிய குன்னூர் வழியாவும் கீழ வர்ற வண்டிய கோத்தகிரி வழியாவும் திருப்பி விடுவாங்க, அப்படின்னா நேரம் கூடும், அதைக் கணக்குல வச்சுக்கோங்க.

கார் மேல வர்றதுக்கு இ-பாஸ் வேணும், 2024 மே மாசத்துல இருந்து கோர்ட் உத்தரவு. ரயிலுக்கும் அரசு பஸ்ஸுக்கும் வேண்டாம், ஆனா உங்களை இறக்கிட்டு குன்னூருக்கு வந்து காத்திருக்கப்போற கோவை கார் இருக்கே, அதுக்கு வேணும். நீலகிரி நம்பர் வண்டின்னா தேவையில்ல. டூர்க்காரர் எடுத்துட்டாரான்னு முந்தின நாளே கேட்டு வச்சுக்கோங்க. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் மலைக்கு மேல தடை, ஸ்டீல் பாட்டில்ல கொண்டு போங்க.

குன்னூர்ல பத்தரை மணி வாக்குல இறங்குவீங்க. எல்லா இடமும் பாக்கணும்னு அலையாதீங்க. சிம்ஸ் பார்க் போதும், 1874-ல ஆரம்பிச்ச தோட்டம், ஆனா சரிவுல இருக்கு, உள்ள இறங்கினா திரும்ப ஏறணும். அம்மாவை மேல் மட்டத்துலயே பெஞ்சுல உக்கார வச்சுட்டு அப்பாவும் பையனும் மட்டும் கீழ போய்ட்டு வரட்டும். சாப்பிட்டு மூணு மணிக்கு கெளம்பினா சாதாரண நாள்ல இருட்டறதுக்கு முன்னாடி கோவை பக்கம் வந்துடலாம்.

விடியக்காலைல எந்திரிக்க முடியாதுன்னா இன்னொரு வழி இருக்கு, கார்ல குன்னூர் போய்ட்டு, ஊட்டியில 2 மணிக்குக் கெளம்பி இறங்குற வண்டியில கீழ வர்றது. பல்சக்கரம் கிடைக்கும், ஆனா இறங்கும்போது இன்ஜின் முன்னாடி இருக்கறதால புகையும் கரியும் நம்ம மேல வரும், வெள்ளைச் சட்டை போட்டுக்காதீங்க. எனக்கு ஏறுறதுதான் பிடிக்கும்.

கடைசியா தேதி. டிசம்பர் ரெண்டாவது வாரம் வேண்டாம்மா. குன்னூர் பக்கம் மலையோட கிழக்குச் சரிவு, வடகிழக்குப் பருவமழை நேரா அதுமேல வந்து அடிக்கும், அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் பாறை உருண்டு மண்ணு சரிஞ்சு தண்டவாளத்தை மூடிடும், முந்தின நாள் ராத்திரி கூட ரத்துன்னு அறிவிப்பு வரும். ரயில்வே டிக்கெட் காசைத் திருப்பிக் குடுத்துடும், பேக்கேஜ் காசு திரும்ப வருமான்னு நீங்கதான் முன்னாடியே பேசி வச்சிருக்கணும். பொங்கல் கூட்டம் வடிஞ்சப்புறம், ஜனவரி கடைசியில ஒரு செவ்வாய், புதன்கிழமையாப் பாத்து டிக்கெட் எடுங்க. குளிரும், அம்மாவுக்கு முழங்கால் வரைக்கும் வர்ற கம்பளி சாக்ஸும், அப்பாவுக்கு காதை மூடற மாதிரி ஒரு மப்ளரும் மறக்காம எடுத்து வைங்க.