வாளியில் புளிப்பது உரமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். 'சமையல் கழிவு 20 நாளில் உரம்' என்ற விளம்பரத்தைப் பார்த்து, குழாய் வைத்த வாளியும் தவிட்டுப் பொடியும் ஆன்லைனில் வாங்கினேன். நாள் கடந்தும் வெண்டைக்காய்க் காம்பு அப்படியே கிடக்கிறது. மேலே வெள்ளைப் பூஞ்சை, புளித்த வாடை. குழாயில் வடிந்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றியதும் இலை கருகிவிட்டது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் வாளியில் கோளாறு இல்லை, விளம்பரத்தில்தான். இது பொகாஷி என்ற ஜப்பானிய முறை. காற்றுப் புகாமல் மூடினால், பொடியிலுள்ள லாக்டிக் அமில பாக்டீரியா கழிவை ஊறுகாய் மாதிரி ஊறவைக்கும், உருவம் மாறாது. வெள்ளைப் பூஞ்சை நல்லதுதான். கறுப்போ பச்சையோ பூத்து, அழுகல் நாற்றம் அடித்தால்தான் கெட்டுப்போனது.

அது உரமாவது மண்ணுக்குள் போன பிறகுதான். பழைய தொட்டியில் பாதி மண், அதன்மேல் புளித்த கழிவைக் கொஞ்சம் மண்ணோடு பிசைந்து போட்டு, நாலு விரல் உயரத்துக்கு மண் மூடுங்கள். இரண்டு மூன்று வாரம் எதையும் நடாதீர்கள். கடலோரத்து மணல் மண் தண்ணீரையும் சத்தையும் பிடித்துவைக்காது. அதற்கு இது அருமையான தீனி.

வடிகிற தண்ணீர் கடும் புளிப்பு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி போதும், அதுவும் வேருக்கு மட்டும். இப்போதைக்குக் கறிவேப்பிலைக்கு நல்ல தண்ணீரை அடித்துளை வழியாக ஓடும்வரை ஊற்றுங்கள். அப்புறம், மீந்த குழம்பு, கருவாடு, ஊறுகாயை வாளியில் போடவே வேண்டாம். எவ்வளவு புளித்தாலும் உப்பு குறையாது, தொட்டி மண்ணில் சேர்ந்துகொண்டே போகும்.

சரி, பணம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளைப் பற்றித் தவறாகச் சொல்லும் விளம்பரம் குற்றச்சாட்டுக்கு உரியது. தண்ணீரைக் கலந்துதான் ஊற்ற வேண்டும் என்று கையேட்டில் எச்சரிக்காமல் விட்டிருந்தால், அதையும் சேர்த்து எழுதுங்கள். முதலில் விற்றவருக்கு மின்னஞ்சல். மசியாவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டு அவகாசமும் உண்டு. விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள், புகார் போனதும் வாசகத்தை மாற்றிவிடுவார்கள்.