கேள்வி – பதில்: வார்டில் எத்தனை கை?

ராத்திரி 40 பேருக்கு ஒரே சிஸ்டர். ட்ரிப்ஸ் பாட்டில் மாற்றக் கூப்பிட்டால் அரைமணி கழித்து வருகிறார். கேட்டால் "பணியிடம் எல்லாம் நிரம்பியிருக்கிறது" என்கிறது அலுவலகம். எது உண்மை?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஒரு வார்டில் எந்நேரமும் ஒரே ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்று வையுங்கள். மூன்று ஷிஃப்ட், 365 நாள். ஆக 1,095 ஷிஃப்ட். ஒருவருடைய 365 நாளில் வார ஓய்வு 52, தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 30 போனால் மிச்சம் 271. வகுத்துப் பாருங்கள், நாலு பேர் வேண்டும். பயிற்சி, காய்ச்சல், பண்டிகை விடுமுறை எல்லாம் சேர்ந்தால் நாலுக்கும் மேல். அதாவது பதிவேட்டில் நாலு பெயர் இருந்தால்தான் கட்டிலருகே ஒருவர்.

இப்போது ஆறு பெயர் உள்ள வார்டை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மகப்பேறு விடுப்பில் (2021 ஜூலையிலிருந்து அரசு ஊழியருக்கு 12 மாதம், தர வேண்டியதுதான், ஆனால் அந்த இடத்துக்கு மாற்று ஆள் வருவதில்லை). இன்னொருவர் மாற்றுப்பணியில் வேறு ஆஸ்பத்திரியில். சம்பளம் இங்கே போடுவதால் கணக்கில் அந்த இடம் காலி இல்லை! மிச்சம் நாலு. உங்கள் ராத்திரி சிஸ்டர் தனியாக நிற்பது இப்படித்தான்.

இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பொது வார்டில், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் 3 படுக்கைக்கு ஒருவர், மற்றவற்றில் 5 படுக்கைக்கு ஒருவர்; விடுப்புக்காக மேலும் 30 சதவீதம். இந்த விதி எண்ணுவது படுக்கையை. ஐப்பசி, கார்த்திகைக் காய்ச்சல் நாளில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பவர் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்.

பாட்டில் விஷயம்: 20 சொட்டுக்கு ஒரு மில்லி விழும் சாதாரண ட்ரிப்ஸ் குழாய் செட்டில் 500 மில்லி 8 மணி நேரத்துக்கு ஓட வேண்டுமானால் நிமிடத்துக்கு 21 சொட்டு. சீக்கிரம் முடியட்டும் என்று குழாயில் இருக்கும் சக்கரத்தைத் திறந்துவிடாதீர்கள். வயதானவருக்கும் இதய நோயாளிக்கும் மூச்சு முட்டிவிடும். 50 மில்லி மிச்சமிருக்கும்போதே போய்ச் சொல்லுங்கள். காலியாகிவிட்டால் சக்கரத்தை மூடலாம், அதில் தப்பில்லை. அப்படியே விட்டால் ரத்தம் பின்னேறி உறைந்து வென்ஃப்ளான் (கையில் குத்தியிருக்கும் ஊசிக்குழாய்) அடைத்துக்கொள்ளும்; மறுபடி குத்த வேண்டியிருக்கும்.

பணியிடக் கணக்கு வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுதுங்கள். "எத்தனை பணியிடம் காலி" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்று பதில் வரும். குறிப்பிட்ட ஒரு மாதத்தின் டூட்டி ரோஸ்டர் நகலையும், மாற்றுப்பணியில் வெளியே இருப்பவர்களின் எண்ணிக்கையையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று பேர் வேலை செய்கிறோம். ஒருவர் லீவு என்றால் 12 மணி நேரம். நாளை ஏதாவது ஆகிவிட்டால் பழி எங்கள் மேல்தானே?
– செவிலியர், திருவாரூர் மாவட்டம் (பெயர் வேண்டாம்)

லீவே இல்லாவிட்டாலும் இடிக்கும். வாரத்துக்கு 21 ஷிஃப்ட், மூன்று பேர் ஆறு நாள் வந்தால் 18. அந்த மூன்று ஷிஃப்ட் யாரோ ஒருவருடைய வார ஓய்விலிருந்துதான் வருகிறது.

உங்கள் பாதுகாப்பு ரிப்போர்ட் புத்தகத்தில் இருக்கிறது. "ஆள் பற்றாக்குறை" என்று எழுதுவதால் பயனில்லை. "இரவு 8 முதல் நான் ஒருவர். பிரசவ அறையில் 1, பிரசவம் முடிந்தவர் 2. 11.40க்கு டாக்டருக்குப் போன், 11.50க்கு 108" என்று மணியோடு எழுதுங்கள். 17 பி (துறை விசாரணைக்கான குற்றச்சாட்டு மெமோ) வந்தால் பேசப்போவது அந்த வரிதான். வலி கண்டவருக்கு அரைமணிக்கு ஒருமுறை சிசுவின் இதயத்துடிப்பு, பிரசவித்தவருக்கு முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, பிபி, ரத்தப்போக்கு, கருப்பை இறுக்கம். ஒருவரால் இரண்டையும் பார்க்க முடியாத ராத்திரி வரும். அப்போது ரத்தப்போக்கை முதலில் பாருங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பார்க்காத பிபியை எழுதுவது. வரிசையாக எல்லாருக்கும் 120/80 என்றிருக்கும் சார்ட்டை விசாரணைக்கு வருபவர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். பார்க்க முடியாத இடத்தைக் காலியாக விட்டு, காரணத்தை எழுதுங்கள். மாதம் ஒருமுறை மருத்துவ அலுவலர் வழியாக வட்டார மருத்துவ அலுவலருக்கு, தனியாகப் பார்த்த ஷிஃப்டுகளின் தேதிப் பட்டியலைக் கொடுத்து, நகலில் ஒப்புகைக் கையெழுத்து வாங்கி வீட்டில் வையுங்கள்.

தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்கு 20,000 ரூபாய் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதாமே?
– கும்பகோணம்

சொன்னது குழு. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் குழு அமைக்கச் சொன்னது. 50 படுக்கைக்குக் குறைவானால் 20,000க்குக் குறையக் கூடாது. 50க்கு மேல் அரசுச் சம்பளத்தில் 25 சதவீதம் வரை குறையலாம், 100க்கு மேல் 10 சதவீதம் வரை. 200க்கு மேல் அரசுக்குச் சமம் என்றது குழு. பரிந்துரைதான், அதைச் சட்டமாக்க வேண்டியவை மாநிலங்கள். அரசிலேயே எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) வழியாக 2015இல் வந்தவர்களுக்குத் தொடக்கத்தில் 7,700 ரூபாய்தான் தொகுப்பூதியம் என்பதையும் நினைவில் வையுங்கள். இப்போதைக்கு நியமனக் கடிதம், வங்கி வழிச் சம்பளம், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால் பி.எஃப்., இவற்றை விடாதீர்கள். ஒரிஜினல் சான்றிதழைக் கேட்டால் நகல் கொடுங்கள்.

களை எடுக்கும்போது பாம்பு கடித்து அப்பாவைக் கொண்டுபோனோம். ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வைத்துவிட்டு சிஸ்டர் போய்விட்டார். 20 நிமிடம் யாரும் தொடவில்லை. அலட்சியம்தானே?
– கீழ்வேளூர்

அந்த 20 நிமிடம்தான் சோதனையே. சுத்தமான, காய்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது. குழாயை ஆட்டினாலும், சோப்புப் போட்டுக் கழுவிய குழாயாக இருந்தாலும் முடிவு பொய்யாகும். ஆகவே "என்ன ஆச்சு" என்று எடுத்துப் பார்க்காதீர்கள். உறைந்துவிட்டால் அதோடு முடியாது. குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

விஷமுறிவு மருந்து பொடியாக வரும். ஒவ்வொரு குப்பிக்கும் 10 மில்லி நீர் விட்டு, குலுக்காமல் மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். பத்துக் குப்பி கரைப்பதற்கே எவ்வளவு நேரமென்று யோசியுங்கள். ஏறும் ஒரு மணி நேரமும் ஒவ்வாமை வருகிறதா என்று, அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். அந்நேரம் மற்ற நோயாளிகளுக்கு நர்ஸ் இல்லை.

தரையில் தூங்கும்போது கடிக்கும் கட்டுவிரியன் வேறு வகை: கடித்த தடமே தெரியாது, ரத்தம் ஒழுங்காக உறையும். கண் இமை தொங்குகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா, குரல் மூக்கால் வருகிறதா என்று கூட இருப்பவர் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஏதாவது மாறினால் உடனே ஓடுங்கள். எத்தனை மணிக்கு மாறியது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.